ஹட்டனில் வாங்கிய மின்விசிறி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சிறுநகரத்தில் தவிக்கும் உடன்பிறப்புகளை வாழ வைப்பது கொழும்புக் கனவா, ஊர்ப்பற்றா என்னும் தலைப்பில் கனவின் பக்கம் பேச வந்தேன். வந்த இடத்தில், "மலைநாட்டு ஹட்டன் குளிரில் மின்விசிறி வாங்கியவர்களின் கனவுதானே உங்கள் கனவு?" என்று எதிரணித் தலைவர் குத்திவிட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டியவர்களை நான் பார்த்து வைத்திருக்கிறேன்.

அவர் பாதிக் கதையைத்தான் சொன்னார். அந்த மூவரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, ஹட்டனில் வாடகை வீடு எடுத்தவர்கள். அக்கா ஆசிரியை, தம்பி புடவைக் கடையில் கணக்கெழுதுகிறவர், தங்கை உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருப்பவர். தவணை முறையில் வாங்கிய விசிறியோடு தம்பி வீட்டுக்கு வந்த அன்று ஆடி மாத மழை கொட்டுகிறது. கம்பளிச் சால்வைக்குள்ளிருந்து அக்கா, "இது எதற்கடா?" என்றார். "கொழும்பு வெள்ளவத்தையில் வியர்க்குமாமே அக்கா!" என்றார் தம்பி.

கதை இன்னும் முடியவில்லை, நடுவர் அவர்களே, மணியில் கை வைக்காதீர்கள். தோட்டத்திலிருந்து அவர்களுடைய அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, வந்தார். துரை பங்களாவில் வேலை செய்த காலத்தில் ஹீட்டரைக் கண்டவர் அவர். இதுவும் அந்த வகைதான் என்று நம்பி, சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டிக் குளிர்காய உட்கார்ந்துவிட்டார்! பின்வரிசைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடியும் சொல்கிறேன்: மின்விசிறியின் முன்னால் குளிர்காய உட்கார்ந்தார்! "இன்னும் சூடாகலையே, கொஞ்சம் கூட்டி வையேன்" என்று வேறு சொன்னாராம்.

சிரியுங்கள். ஆனால் இவர்களிடம் ஊர்ப்பற்று இல்லை என்கிறாரே எதிரணித் தலைவர், எந்த ஊரின் மேல் பற்று வைப்பது? பிறந்த லயத்து அறையான காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். இருக்கும் வீடோ வாடகைக்கு. 1948இல் வந்த சட்டம் இவர்களுடைய முன்னோரைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பங்கு பிரித்தார்கள். அந்தக் கணக்கில் அப்பாயிக்கு இலங்கை விழுந்தது, அவருடைய ஒரே தம்பிக்கு இந்தியா விழுந்தது. இந்தியா போகும் தலைமன்னார்க் கப்பலுக்கான கோச்சியில், அதுதான் ரயிலில், தம்பியை ஏற்றிவிட்டுத் தனியாக மலையேறி வந்து, மறுநாள் காலையில் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனவர் அவர்.

இன்று தங்கைக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது. "நீ முதலில் போ, நாங்கள் பிறகு வருகிறோம்" என்று அக்கா சொன்னதும், அதுவரை வாய் திறக்காத அப்பாயி எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். கொழும்பு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, எதிரணித் தலைவரே. "போறதுன்னா மூணு பேரும் ஒரே கோச்சியில போங்க" என்றுதான் சொன்னார். நன்றி, வணக்கம்.