திமிங்கிலத்தின் கணுக்கால்

நேயர்களுக்கு வணக்கம். பசுமாட்டுக்கு நெருங்கிய சொந்தம் எது: குதிரையா, பன்றியா, திமிங்கிலமா? திமிங்கிலத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் விடை அதுதான். இது எப்படித் தெரிய வந்தது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

சுவீடனின் கார்ல் லின்னேயஸ் 1735-ல் உயிர்களை வகை பிரித்தபோது திமிங்கிலத்தை மீன்களோடுதான் வைத்தார். 1758-ல் வந்த பத்தாம் பதிப்பில் பாலூட்டிகளின் பக்கம் கொண்டுவந்தார். நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது; வேறென்ன சாட்சி வேண்டும்? நீந்துவதைப் பார்த்தாலே தெரியும். மீன் வாலை இடமும் வலமும் அசைக்கும். திமிங்கிலமும் டால்பினும் மேலும் கீழும் அடிக்கும். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் மிருகத்தின் முதுகு வளைந்து நிமிர்கிறதே, அதே அசைவு.

சரி, பாலூட்டிதான். எந்தப் பாலூட்டிக்குச் சொந்தம்? இங்கேதான் நெடுநாள் இழுபறி. குளம்பு வைத்த, ஓநாய்ச் சாயலில் இருந்த, இறைச்சி தின்னும் ஒரு கூட்டம் எப்போதோ அழிந்துபோனது. பற்களின் ஒற்றுமையை வைத்து, அந்தக் கூட்டமே திமிங்கிலத்தின் மூதாதை என்று புதைபடிவ ஆய்வாளர்கள் பலர் நம்பினார்கள். 1990-களில் டி.என்.ஏ.வை ஆராய்ந்தவர்கள், நீர்யானைதான் மிக நெருக்கம் என்றார்கள். எலும்பில் ஆதாரம் இல்லாமல் முன்னவர்கள் ஒப்புவதாக இல்லை.

எலும்பும் கிடைத்தது. ஆட்டின் பின்னங்கால் கணுவில் சின்னதாக ஓர் எலும்பு இருக்கும். அதன் மேல்முனையும் கீழ்முனையும் கிணற்று ராட்டினம் போல நடுவில் குழிந்திருக்கும். இப்படி இரண்டு முனையும் குழிந்த எலும்பு மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை அடங்கிய இரட்டைக் குளம்புக் கூட்டத்தின் அடையாளம். பாகிஸ்தானின் பலுசிஸ்தானில், சுமார் 4 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, கால்கள் உள்ள திமிங்கிலங்களிடம் இதே எலும்பு இருந்தது. 2001-ல் அதை வெளியிட்ட பிலிப் ஜிஞ்சரிச் என்ற புதைபடிவ ஆய்வாளர் அதுவரை எதிர்க்கட்சிக்காரர். எலும்பைக் கையில் எடுத்ததும் கட்சி மாறிவிட்டார்.

அப்புறம் காஷ்மீர்க் கதை. காலாகோட் பகுதியில் ஏ. ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் திரட்டிய பாறைகள், அவர் இறந்தபின்னும் உடைத்துப் பார்க்கப்படாமல் கிடந்தன. அவற்றை அவருடைய மனைவி ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். ஆய்வுக்கூடத்தில் ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்கையில் காதெலும்பு கை தவறி உடைந்தது. பார்த்தால், அதன் ஒரு பக்கச் சுவர் மட்டும் தடித்திருக்கிறது. அது திமிங்கிலக் குடும்பத்தின் முத்திரை! ஆனால் அந்த மண்டையோட்டுக்குச் சொந்தமான இண்டோஹையஸ், ஏறக்குறைய பூனை அளவில், சருகுமான் போல, குளம்போடு தண்ணீரில் இறங்கி நடந்த பிராணி. 2007-ல் செய்தி வெளியானது.

நீர்யானையிலிருந்து திமிங்கிலம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் ஒரே பாட்டன், அவ்வளவுதான். அந்தப் பாட்டனுக்கு மாட்டின் பாட்டன் பங்காளி. பன்றியும் ஒட்டகமும் அதற்கு முன்பே பிரிந்து போனவை. குதிரை வேறு வரிசை.

நம் பாக் நீரிணையில் ஆவுளியா என்ற கடல்பசு மேய்கிறது. வால் டால்பின் வால் போலவே இருக்கும், நீந்துவதும் அப்படியே. ஆனால் அது யானைக்குச் சொந்தம். அந்தக் கிளையைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். வணக்கம்.