ஈராக்கைக் குலைத்தவை இரண்டு ஆணைகளே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 2003இல் அமெரிக்க ஆக்கிரமிப்பில் இருந்த ஈராக்கின் எதிர்காலத்தைக் கெடுத்தது அமெரிக்கப் படையின் ஆள்பலக் குறைவா, அமெரிக்க நிர்வாகம் இட்ட ஆணைகளா? ஆணைகளே என்று வாதாட வந்திருக்கிறேன்.

ஆள்பலக் குறைவே காரணம் என்ற எதிரணியினர், அமெரிக்க ஆய்வு நிறுவனமான ராண்டின் கணக்கைக் காட்டினார்கள். ஒரு நாட்டில் அமைதி காக்க ஆயிரம் குடிமக்களுக்கு 20 வீரர்கள் வேண்டும். இரண்டரைக் கோடி மக்களுக்கு 5 லட்சம். களத்தில் இருந்த அமெரிக்கர்களோ ஏறத்தாழ ஒன்றரை லட்சம். பல லட்சம் பேர் வேண்டும் என்று 2003 பிப்ரவரியிலேயே அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் ஜெனரல் ஷின்செகி செனட்டில் சொன்னதும், பாதுகாப்புத் துணை அமைச்சர் வுல்ஃபோவிட்ஸ் அதைத் தள்ளிவிட்டதும் உண்மை. ஏப்ரலில் பாக்தாத் அமைச்சகங்கள் சூறையாடப்பட்டதற்கு ஆள் பற்றாக்குறைதான் காரணம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஐயா, பற்றாக்குறையாக இருந்த அந்த மூன்றரை லட்சம் பேர் ஈராக்கிலேயே இருந்தார்களே! ஈராக் ராணுவத்தின் பலம் சுமார் 3,85,000. மே 23 அன்று அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவர் பால் பிரெமர் இட்ட இரண்டாம் ஆணை அந்த ராணுவத்தையே கலைத்தது. அது தானாகக் கலைந்துவிட்டது என்பது பிரெமர் தரப்பு வாதம். வீரர்கள் வீட்டுக்குப் போனது மெய்தான். ஆனால் திரும்பி வரத் தயாராக இருந்தவர்களின் பெயர்ப் பட்டியல் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. தளபதிகளை நீக்கிவிட்டு, மற்றவர்களை ஆள் ஆளாக விசாரித்து, சம்பளம் கொடுத்து ஆயுதக் கிடங்குக் காவலுக்கு நிறுத்தியிருக்கலாம்.

நடந்தது என்ன? ஜூன் 18 அன்று சம்பளம் கேட்டுக் குடியரசு மாளிகை வாசலில் கூடிய முன்னாள் வீரர்கள் இருவரை அமெரிக்கப் படை சுட்டுக் கொன்றது. அடுத்த ஐந்தே நாளில் மாதம் 50 முதல் 150 டாலர் வரை உதவித்தொகை அறிவித்தார்கள். கொடுக்க முடிந்த பணத்தை ஆணைக்கு முன்பே கொடுத்திருந்தால்? அந்த உதவித்தொகையும் சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்மட்ட அதிகாரிகளுக்குக் கிடையாது. கிடங்கு எங்கே இருக்கிறது, 155 மி.மீ. பீரங்கிக் குண்டை எப்படிக் கையாள்வது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். அந்தக் குண்டுகளைக் கம்பியால் இணைத்துச் சாலையோரம் புதைத்து, கைப்பேசியால் வெடிக்க வைத்தார்கள். காவலில்லாத கிடங்கும் வேலையில்லாத அதிகாரியும் சேர்ந்தால் வேறென்ன விளையும்?

முதல் ஆணை மே 16இல் வந்தது. கட்சியின் மேல் நான்கு படிநிலைகளில் இருந்த எல்லோருக்கும் அரசு வேலை பறிபோனது. வேலைக்காகக் கட்சியில் சேர்ந்த ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் சிக்கினார்கள். தனி மனிதன் செய்த குற்றத்தைப் பார்க்காமல் பதவியை மட்டும் பார்த்ததுதான் கோளாறு. செயல்படுத்திய விதம் சரியில்லை என்று 2004 ஏப்ரலில் பிரெமரே சொன்னார், ஓராண்டு போய்விட்டதே!

ஷியா, சுன்னி, குர்து ஆகிய மூன்று தரப்பினருக்கும் தன்னாட்சிப் பகுதிகள் அமைப்பதே வழி என்று 2006இல் அன்றைய செனட்டர் பைடனும் வெளியுறவு வல்லுநர் கெல்பும் சொன்னதையும் எதிரணி எடுத்தாண்டது. அந்தப் பிளவை ஆட்சிக் கணக்கில் ஏற்றியது யார்? 2003 ஜூலையில் அமைத்த 25 பேர் ஆளும் மன்றத்தில் ஷியாவுக்கு 13, சுன்னி அரபியருக்கு 5, குர்துகளுக்கு 5, துருக்மேனியருக்கு 1, அசீரியருக்கு 1 என்று இடங்களைப் பங்கிட்டது அதே நிர்வாகம். ஷியா, சுன்னி இரு தரப்பினரும் ஒரே சீருடையில் இருந்த ராணுவத்தை அதற்கு ஏழு வாரம் முன்புதான் அது கலைத்திருந்தது.