கரண்டி பிடிக்காத கொத்தனாருங்க: பட்டிமன்றத்துல நான் பேசுனது

நடுவர் ஐயா, ரெண்டு அணி, முன்வரிசை, பின்வரிசை, வெளியில டீ குடிச்சிட்டு நிக்குறவங்க, எல்லாருக்கும் வணக்கம். வணக்கம் சொல்லியே மூணு நிமிஷத்தைக் கரைச்ச அண்ணன் எதிரணில இருக்காரு, அதனால நான் இத்தோட நிறுத்திக்கிறேன்.

ஃப்ரீமேசன் சங்கம், மேசன்னா கொத்தனாரு, கொத்தனார் பேரையும் சின்னத்தையும் எடுத்துக்கிட்டு கதவைச் சாத்திக்கிட்டுக் கூடுற சங்கம், முந்நூறு வருஷமா நிலைச்சு நிக்குதே, அதுக்குக் காரணம் ரகசியமா, சகோதரத்துவமான்னு கேட்டிருக்கீங்க. நான் சகோதரத்துவம். அதைப் பத்தி அழகா பத்து பாயின்ட் எழுதிட்டு வந்தேங்க. ஆனா எதிரணி அக்கா ஒண்ணு சொன்னாங்க பாருங்க, பேப்பரை மடிச்சு பாக்கெட்ல வச்சுட்டேன்.

அக்கா என்ன சொன்னாங்க? "பேரு கொத்தனாரு, ஒரு செங்கல் எடுத்து வச்சதில்ல. இடுப்புல ஏப்ரன், ஆனா கொத்துக்கரண்டியும் பிடிக்கல, சமையல் கரண்டியும் பிடிக்கல. பொம்பளைங்கள சேர்க்க மாட்டாங்க, பொம்பளைங்க ஏப்ரனை மட்டும் எடுத்துக்கிட்டாங்க." அரங்கமே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன், பொய் சொல்லல. நடுவர் ஐயாவும் சிரிச்சாரு, மீசைக்குள்ள.

அக்கா, அந்த ஏப்ரன் அடுப்படி ஏப்ரன் இல்ல. கல்லு கொத்துறவன் மடியில சில்லு தெறிக்காம கட்டுன தோல். பழைய கல்தச்சன் கூட்டத்திலேருந்து வந்த வழக்கம்னு அவங்களே சொல்லிக்கிறாங்க. நம்ம சைட்ல சித்தாள், கொத்தனார், மேஸ்திரின்னு இருக்குல்ல, அங்கேயும் அதே மாதிரி மூணு படி. மூலைமட்டமும் கவராயமும்தான் சின்னம். மூலைமட்டம் வச்சா சுவரு மூலை நேரா இருக்கான்னு தெரியும், அதை எடுத்து மனுஷன் மேல வச்சுப் பார்த்தாங்க, அவ்வளவுதான் கதை. என் வீட்டுக்கு சுவர் எழுப்புனவரு மூலைமட்டத்தை சட்டைப் பைலயே வச்சிருந்தாரு, வெளிய எடுக்கவே இல்ல, இன்னிக்கும் என் பீரோ சுவரைத் தொடாம தனியா நிக்குது, அதை விடுங்க.

இந்த ஏப்ரன் நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சு தெரியுமா? 1770-கள்ல ஆற்காட்டு நவாப் வாலாஜாவோட மூத்த மகன் உம்தத்துல் உமரா, நம்ம திருச்சில வச்சு மேசன் ஆனாரு. இந்தியர்கள்ல முதல் ஆளு அவர்தான்னு சொல்லுவாங்க. சேதி லண்டனுக்குப் போச்சு. அங்க இருந்த தலைமைச் சங்கம் என்ன அனுப்புச்சு? வாழ்த்துக் கடிதம், அட்டை போட்ட அழகான விதிப் புத்தகம், கூடவே அலங்காரம் பண்ண நீலக்கலர் ஏப்ரன்! கப்பல்ல! நவாப் வீட்டுப் பிள்ளைக்கு, பட்டும் ஜரிகையும் பீரோ பீரோவா வச்சிருக்கறவருக்கு, மாசக்கணக்கா கடல் தாண்டி ஒரு ஏப்ரன் வருது, அவரும் சந்தோஷமா வாங்கிக்கிட்டு பதில் எழுதுறாரு. நவாப் மகனே கட்டுன ஏப்ரனைத்தான் அக்கா கிண்டல் பண்ணிட்டுப் போனாங்க.

பொம்பளைங்க விஷயத்துல அக்கா சொன்னது பாதி நியாயம், ஒத்துக்கிறேன். பழைய சங்கம் இன்னிக்கும் சேர்க்கறதில்ல. ஆனா 1893-லயே பாரிஸ்ல ஆணும் பெண்ணும் சேர்ந்த மேசன் சங்கம் ஒண்ணு ஆரம்பிச்சாச்சு, 1902-ல அதுல சேர்ந்தவங்க யாரு? நம்ம அடையாறு அன்னி பெசன்ட் அம்மா. ஆக, பொம்பளையும் ஏப்ரன் கட்டியாச்சு, கணக்கு சரி.

இன்னொரு கறையும் இருக்கு, எதிரணி மறந்துட்டாங்க, நானே எடுத்துக் குடுக்குறேன். கல்கத்தாவுல பி.சி. தத்னு ஒருத்தரு, இந்துன்னு சொல்லி உள்ள விடாம ஒன்பது வருஷம் அலைய விட்டாங்க, 1872-லதான் கதவு தெறந்துச்சு. மனுஷன் ஒன்பது வருஷம் கதவைத் தட்டிருக்காரு. உள்ள வெறும் ரகசியம் மட்டும்தான் இருக்குன்னா எவனாவது அத்தனை வருஷம் தட்டுவானா? நான் ரெண்டு நாள் தட்டிட்டு வேற வேலை பாப்பேன்.

சரி, ரகசியம் ரகசியம்னு சொல்றீங்களே. 1717 ஜூன் 24, லண்டன்ல நாலு லாட்ஜ் சேர்ந்து ஒரு தலைமைச் சங்கம் ஆரம்பிச்சாங்க. லாட்ஜ்னா பஸ் ஸ்டாண்ட் எதிர்க்க இருக்குற லாட்ஜ் இல்லங்க, அவங்க கூட்டத்துக்கு அதான் பேரு. எங்க கூடுனாங்க? குகையா? சுடுகாடா? மதுக்கடை! பீர் குடிக்கிற இடத்துல ரகசியம் காப்பாத்துன வரலாறு உலகத்துல எங்கயாவது உண்டா?

ரகசியம்னு நம்புனவங்க கதி என்னாச்சுன்னு ஒரே ஒரு கதை சொல்றேன். பிரான்ஸ்ல லியோ தக்சில்னு ஒரு எழுத்தாளர். முதல்ல கத்தோலிக்கத் திருச்சபையைத் திட்டி எழுதிப் பொழச்சாரு. 1885-ல திடீர்னு நான் திருந்திட்டேன்னு சொல்லிட்டு மேசன்களைத் திட்டி எழுத ஆரம்பிச்சாரு. அவங்க சாத்தானைக் கும்பிடுறாங்க, நான் சொல்றேன் கேளுன்னு. புத்தகம் புத்தகமா வருது. ஒண்ணுல என்ன வருது தெரியுமா? கூட்டம் நடக்குது, மேஜை பறந்து கூரையில போய் ஒட்டுது, கீழ வரும்போது அது மேஜை இல்ல, முதலை. றெக்கை வச்ச முதலை! சும்மா வந்துட்டுப் போகல. நேரா பியானோகிட்ட போச்சு. மூடியைத் தெறந்துச்சு. வாசிச்சுச்சு! நடுவர் ஐயா, முதலை பியானோ வாசிக்குது. அதுவும் வீட்டுக்கார அம்மாவை ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டே வாசிக்குது. கூடவே பாடுச்சான்னு கேக்காதீங்க, வயலின் யாருன்னும் கேக்காதீங்க. இதை நம்புனாங்கங்க! படிச்சவங்க நம்புனாங்க! 1887-ல போப்பாண்டவரே தக்சிலைக் கூப்பிட்டுப் பார்த்தாரு.

அடுத்து டயானா வாகன்னு ஒரு பொண்ணு. சாத்தான் கூட்டத்திலேருந்து தப்பிச்சு வந்தவ, அவ எழுதுறா, ஆனா யாரும் கண்ணால பார்த்ததில்ல. எங்கய்யா அந்தப் பொண்ணு, கூட்டிட்டு வான்னு எல்லாரும் கேக்க, 1897 ஏப்ரல் 19, பாரிஸ்ல அரங்கு புக் பண்ணாரு. கூட்டம் நெரியுது. வாசல்லயே குடை, கைத்தடி எல்லாத்தையும் வாங்கி வச்சுட்டாங்க. ஏன்னு அப்ப யாருக்கும் புரியல. மனுஷன் மேடை ஏறி, பன்னெண்டு வருஷமா நான் சொன்னது பூராவும் புளுகு, டயானா என் டைப்பிஸ்ட்டுன்னு சொல்லிட்டாரு. இப்ப புரிஞ்சுதா குடை ஏன் வாங்குனாங்கன்னு? போலீஸ் காவலோடதான் வெளிய போனாரு. அக்கா, நீங்க இன்னிக்குப் பேசுன பேச்சுல எனக்கு லேசா பியானோ சத்தம் கேட்டுச்சு.

தர்மம் பத்திச் சொல்லணும், மணி அடிக்கறதுக்குள்ள. 1788-ல லண்டன்ல ருஸ்பினின்னு ஒரு பல் டாக்டர், நொடிச்சுப்போன மேசன் குடும்பத்துப் பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாரு, அது இன்னிக்கும் நடக்குது. அமெரிக்காவுல ஷ்ரைனர்கள்னு மேசன்கள்ல ஒரு கூட்டம், சிவப்புக் குல்லா போட்டுக்கிட்டு சின்னக் கார்ல ஊர்வலம் போவாங்க, பார்த்தா சிரிப்பா இருக்கும், அவங்கதான் 1922-ல போலியோ வந்த பிள்ளைங்களுக்கு ஆஸ்பத்திரி தெறந்தவங்க. அவ்வளவு தூரம் எதுக்கு, கோயம்புத்தூர்க்காரங்க யாராவது இருந்தா கை தூக்குங்க, ரேஸ்கோர்ஸ் பக்கம் குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு மேசானிக்னு ஏன் பேரு வந்துச்சுன்னு பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்லுங்க.

முதல் மணி அடிச்சாச்சு. ஒண்ணே ஒண்ணு, இதுக்கு சிரிக்க வேணாம்.

1943 நவம்பர். எஸ்டர்வேகன், ஹிட்லரோட வதைமுகாம். ஆறாம் நம்பர் கொட்டகை. உள்ள நூத்துக்கும் மேல கைதிங்க, பெல்ஜியத்துல நாஜிகளை எதிர்த்தவங்க. அதுல ஏழு பேர் மேசன்கள். அந்த ஏழு பேரும் அங்க ஒரு லாட்ஜ் ஆரம்பிச்சாங்க. பேரு லிபர்தே ஷெரி, நம்ம பாஷைல அருமைச் சுதந்திரம். மேஜை? பகல்ல தோட்டா பிரிக்கிற மேஜை. ஏப்ரன் இல்லக்கா. எதுவும் இல்ல. உள்ள எர்ரோன்னு புதுசா ஒருத்தரைக்கூடச் சேர்த்தாங்க. ஆறடி உயரம் இருந்த மனுஷன், 1945 மே மாசம் பிரஸ்ஸல்ஸ் ஆஸ்பத்திரில எடை போட்டப்ப 32 கிலோ. சாமர்ஹாசன்னு இன்னொரு சகோதரரு, வேற முகாம்ல எர்ரோவைத் திரும்பப் பார்த்தவரு, அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பிரியவே இல்ல, கைதிங்களை நடக்க வச்சே சாகடிச்ச மரண நடையிலயும் போனாங்க, உசுரோட வந்தாங்க. அந்த லாட்ஜுக்குத் தலைவரா இருந்த பால் ஹான்சன் வரல.

அங்கேயும் ரகசியம் இருந்துச்சேன்னு எதிரணி எழுதிக்கிட்டு இருக்காங்க, தெரியுது, எழுதிக்குங்க. எனக்கு இப்ப பாயின்ட் வேணாம்.

அந்தக் கூட்டம் நடக்கறப்ப காவலுக்கு ஆள் வேணும்ல. போப்பாண்டவர் 1738-லயே மேசன் பக்கம் போகாதேன்னு தடை போட்டாச்சு, தக்சில் கூத்தெல்லாம் நடந்து முடிஞ்சாச்சு. ஆறாம் கொட்டகையில, உள்ள அவங்க பேசி முடிக்கிற வரைக்கும், யாராவது வர்றாங்களான்னு பார்த்துக்கிட்டு நின்னவரு ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்.

ரெண்டாவது மணியும் அடிச்சுட்டீங்க ஐயா. நான் உக்காந்துக்கிறேன்.