ஆட்டீரல் நீர்க்கட்டியும் பின்வாசல் நாயும்

வணக்கம். கால்நடை மருத்துவராக நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை ஆட்டுத்தொட்டியில் இறைச்சிப் பரிசோதனைக்குப் போட்டார்கள். விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். சில செம்மறிகளின் ஈரலைக் கையில் எடுத்தால் கோலிக்குண்டு அளவில் வெள்ளைக் கட்டி ஒன்று புதைந்திருக்கும், அழுத்தினால் விறைப்பாக இருக்கும், கத்தி பட்டால் உள்ளிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். நுரையீரலைத் தடவினால் அங்கேயும் நான்கைந்து. ஒதுக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டுக்குப் போய்விடுவேன். ஒதுக்கிய ஈரல் எங்கே போகிறது என்று பல மாதம் நான் பார்க்கவே இல்லை. பார்த்த அன்று தெரிந்தது, பின்வாசலில் நாய்கள் காத்துக்கொண்டு நின்றன.

அந்த நீர்க்கட்டி ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம். எக்கினோகாக்கஸ் என்று பெயர். நாடாப்புழு என்றதும் கஜக்கணக்கில் நீளமான புழுதான் நினைவுக்கு வரும், ஆனால் இது முழுதாக வளர்ந்தாலும் ஒரு அரிசி நீளத்தைத் தாண்டாது. நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், நாயைப் பார்த்தால் நோய் இருப்பதாகவே தெரியாது. அதன் மலத்தோடு முட்டைகள் வெளியே வந்து புல்லில் படியும், ஆடு மேயும், முட்டை பொரிந்து குடலைத் துளைத்து ரத்தத்தோடு ஈரலுக்குப் போய்க் கட்டியாக வளரும். அந்த ஈரலை நாய் பச்சையாகத் தின்றால் மறுபடியும் முதலிலிருந்து.

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி, "சார், அந்த ஆட்டுக் கறியைச் சாப்பிட்டுவிட்டோமே, எங்களுக்கும் வந்துவிடுமா?" என்பதுதான். கறியிலிருந்து வராது. நாயின் மலத்தில் இருக்கும் முட்டை நம் வாய்க்குள் போனால்தான் வரும்: நாயைக் கொஞ்சிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடும் குழந்தைக்கு, கழுவாத கீரையைச் சாப்பிடுகிறவருக்கு. வந்துவிட்டால் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும், பிறகு ஒருநாள் ஈரலில் தேங்காய் அளவுக் கட்டி என்று ஸ்கேன் காட்டும். அது உள்ளே உடைந்தால் கடும் ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிரே போகலாம், சிந்திய நீரிலிருந்து வேறு இடங்களில் புதிய கட்டிகளும் முளைக்கலாம். அதனால்தான் அறுவை மருத்துவர்கள் இந்தக் கட்டியை அவ்வளவு பயந்து தொடுகிறார்கள்.

இதை ஒழிக்கவே முடியாதா என்றால், ஒழித்த நாடுகள் இருக்கின்றன. 1863-இல் ஹரால்ட் கிராபே என்ற டென்மார்க் மருத்துவர் ஐஸ்லாந்துக்குப் போய் நாய்களை அறுத்துப் பார்த்தார், நான்கில் ஒன்றுக்கு மேல் இந்தப் புழு. நாய்க்கு எதைப் போடக்கூடாது என்று அவர் எழுதிய சிறு புத்தகம் வீடு வீடாகப் போனது, அப்புறம் சட்டமும் வந்தது. நியூசிலாந்தில் 1959-இல் சட்டம் போட்டார்கள். அங்கே நாய்களுக்குப் பேதி கொடுத்துப் புழு இருக்கிறதா என்று பார்த்த மருந்து எது தெரியுமா? அரிகோலின், நம் கொட்டைப்பாக்கில் இருக்கும் அதே சத்து! 2002-இல் நோய் நீங்கிவிட்டதாக அறிவித்தார்கள். ஆக, நாற்பது வருடத்துக்கு மேல் விடாமல் செய்த வேலை.

நம் ஊரில் எனக்கு ஆட்டுத்தொட்டியைவிடப் பெரிய கவலை கிடாவெட்டுதான். அங்கே பரிசோதிக்க யாரும் இல்லை. வேண்டுதல், விருந்து, சொந்தபந்தம் எல்லாம் சந்தோஷமான விஷயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கட்டி கிடந்த ஈரலை "இது நல்லா இல்ல" என்று சொல்லி மரத்தடி நாய்க்கு வீசும் அந்த ஒரு கை அசைவு, அதை மட்டும் நிறுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வெட்டுவதற்கு முன்பே நாய் தோண்ட முடியாத ஆழத்துக்குக் குழி வெட்டி வையுங்கள், சுண்ணாம்பு தூவி மூடுங்கள், முடிந்தால் எரித்துவிடுங்கள். நாய்க்குப் போட்டே ஆக வேண்டும் என்றால் அரைமணி நேரம் கொதிக்க வையுங்கள், கட்டிக்குள் இருப்பது செத்துவிடும்.

நாய் ஏற்கெனவே தின்றுவிட்டதா? பதற வேண்டாம். புழு வளர்ந்து முட்டையிட ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். அதற்குள் கால்நடை மருந்தகத்துக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போய், என்ன தின்றது என்று சொல்லி, பிரசிகுவான்டல் மாத்திரை கேளுங்கள். வெறும் பூச்சி மாத்திரை என்று கேட்காதீர்கள், எல்லா மாத்திரையும் இந்தப் புழுவைக் கொல்லாது. எடைக்கு ஏற்ற அளவை அங்கே சொல்வார்கள். மாத்திரை கொடுத்த பிறகு இரண்டு மூன்று நாள் நாயைக் கட்டிப்போட்டு, அதன் மலத்தை அள்ளிப் புதைத்துவிடுங்கள், ஏனென்றால் அந்த மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது.