பெயரின் முன்பாதி யாருடையது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'டப்ஸ்டெப் இசையின் தாய்வீடு லண்டனா, ஜமைக்காவா?' என்பது தலைப்பு. டப்ஸ்டெப் என்பது அடித்தொனி கனத்து ஒலிக்கும் மின்னணு நடன இசை. எதிரணி நண்பர் அழகாகப் பேசினார். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெற்கு லண்டனின் குராய்டனில், பிக் ஆப்பிள் என்ற இசைத்தட்டுக் கடையே கதியென்று கிடந்த ஸ்கிரீம், பெங்கா போன்ற பையன்கள் கணினியில் செய்த இசை அது, ஜமைக்காவுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டார்.

பிறந்தது குராய்டன்தான், மறுக்கவில்லை. நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 தட்டு என்ற வேகமும் கராஜ் என்ற லண்டன் நடன இசை தந்ததுதான். ஆனால் பெயரைப் பிரித்துப் பாருங்கள். 'ஸ்டெப்', கராஜின் ஒரு வகையான டூ-ஸ்டெப்பிலிருந்து வந்தது. முன்னால் நிற்கிற 'டப்' யாருடையது?

கிங் டப்பியுடையது! இயற்பெயர் ஆஸ்போர்ன் ருடாக். ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் வானொலிப் பெட்டி பழுதுபார்த்தவர். 1970-களின் தொடக்கத்தில், ஏற்கெனவே பதிவான ரெகே என்ற ஜமைக்கா இசைப் பாட்டை, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் கருவியில் ஓடவிட்டு, பாடகரின் குரலை ஒரு விரலால் இறக்கி அணைப்பார். கிட்டாரும் போகும். டிரம்மும், பேஸ் என்கிற அடித்தொனியும் மட்டும் மிஞ்சும். திடீரென்று அரை வரிப் பாட்டு எட்டிப்பார்த்து எதிரொலியில் கரையும். அதற்குத்தான் 'டப்' என்று பெயர். இருப்பதை எடுத்துவிட்டே புதுப் பாட்டு உண்டாக்கிய மனிதர் ஐயா அவர்!

இப்போது டப்ஸ்டெப்பைக் கேளுங்கள். மூன்றாவது தட்டில் ஸ்னேர் என்ற டிரம்மில் ஒரே ஒரு அடி. சுற்றிலும் வெற்றிடம். அதில் பேஸ் வந்து உட்காரும். 40 ஹெர்ட்ஸ் ஒலியலை ஒன்றின் நீளம் சுமார் எட்டரை மீட்டர்; கைபேசி ஸ்பீக்கரில் அது எங்கே கேட்கும்? ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி, முன்னால் நின்றால்தான் சட்டைத்துணி அதிரும், நெஞ்சுக்கூட்டில் இறங்கும். அந்த அடுக்குக்குப் பெயர் சவுண்ட் சிஸ்டம். கிங்ஸ்டன் தெருக்களில் வளர்ந்த அந்தப் பழக்கம், 1948-க்குப் பிறகு கப்பலேறிப் பிழைக்க வந்த கரீபிய மக்களோடு லண்டன் வந்தது.

கணினி என்கிறார்கள். சரி, கணினியில் செய்த பாட்டை அப்புறம் என்ன செய்தார்கள்? டப்பிளேட்டாக, அதாவது ஒற்றைப் பிரதி இசைத்தட்டாக, வெட்டினார்கள். ஓட்ட ஓட்டத் தேய்ந்துபோகும் தட்டு அது. அதுவும் ஜமைக்கா கற்றுக்கொடுத்ததுதான்.

2005-இல் மாலா, கோக்கி, லோஃபா என்ற டப்ஸ்டெப் கலைஞர்கள் தொடங்கிய டிஎம்இசட் என்ற இசை இரவுகள் எங்கே நடந்தன? குராய்டனிலா? இல்லை. கரீபியக் குடும்பங்கள் வேரூன்றிய தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டனில், ஒரு தேவாலயக் கட்டடத்துக்குள். ஆட வாருங்கள் என்றுகூட அவர்கள் அழைக்கவில்லை. பேஸின் கனத்தைத் தியானிக்க வாருங்கள் என்றுதான் அழைத்தார்கள்.