ஆழம் பார்க்க ஓர் இடம்

(வேலூரில் வாசகர் வட்ட நண்பர்கள் ஏற்பாடு செய்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, வேலை நெருக்கடிக்கு நடுவிலும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றித் தகுதிக்கு மேல் சொன்ன வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பெரியவர் அவர்களே, பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, பிள்ளைகளை விட அதிகமாக யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோர்களே, மதியத்திலிருந்து வயர் இழுத்துக்கொண்டிருக்கும் மைக் செட் தம்பி, அனைவருக்கும் வணக்கம். போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. அதற்குப் பதில் ஒரு புத்தகம் கொடுத்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன், அடுத்த முறை அப்படிச் செய்யுங்கள்.

மூன்று செய்திகளைப் பேச வந்திருக்கிறேன். வேலையைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. பிடிக்காத வேலையிலிருந்து மாறுவது இரண்டு. மாறிய பிறகு வீட்டுக் கணக்கைச் சமாளிப்பது மூன்று.

எங்கள் பாட்டி அடிக்கடி ஒன்று சொல்வார்: ஆழம் தெரியாமல் காலை விடாதே. பாலாற்றில் தண்ணீர் ஓடியதைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. நம் வீடுகளில் இதைப் பிள்ளைகளைப் பயமுறுத்தத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் பாட்டி ஆற்றில் இறங்கியவர். ஒரு கழியை ஊன்றிப் பார்த்துவிட்டு இறங்குவார். முதலில் ஆழம் பார், அப்புறம் இறங்கு. அவர் சொன்னது அவ்வளவுதான்.

வேலை மாறியவர்களைத் தேடி நீங்கள் வெளியூர் போக வேண்டாம். ஐடா ஸ்கடர் அம்மையார் கதை இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். மருத்துவ ஊழியமே வேண்டாம் என்றிருந்தவர், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததை அறிந்து மனம் மாறி, படித்துவிட்டு வந்து, 1900-இல் இங்கே ஒற்றைப் படுக்கையோடு சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கினார். அதே மருத்துவமனையில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் அம்மையாரைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. மகப்பேறு மருத்துவத்துக்குப் போக நினைத்திருந்தவர். 1954-இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். அப்புறம் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறந்ததற்கு அவர்தான் காரணம். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஒரு தடவை அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் பெரியவர்கள். நான் எங்கள் தெருக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார், அண்ணன் என்றே சொல்கிறேன்.

அண்ணன் ஒரு ஷூ கம்பெனியில் 19 வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். விடிந்ததும் டிபன் பாக்ஸோடு தெருமுனையில் நிற்பார், கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். அவர் தைத்தது ஷூவின் குதிகால் பக்கத்துப் பட்டையை மட்டும். முன்பக்கம் வேறு லைன், அடிப்பாகம் வேறு ஷெட். மூட்டை மூட்டையாகப் பட்டை வரும், தைத்துத் தள்ள வேண்டும். முழு ஷூ பெட்டிக்குள் போய்க் கப்பல் ஏறிவிடும்.

என் அப்பா லுங்கி நெய்தவர். ஆயுசு முழுக்கக் குழித்தறியில் மிதி மிதித்த கால். கடைசிக் காலத்தில் சர்க்கரை வந்து, இடது பெருவிரலுக்குக் கீழே புண்ணாகி, ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆனது. இனிமேல் எம்.சி.ஆர். என்கிற மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்புதான் போட வேண்டும் என்றார் டாக்டர். தொழுநோயாலோ சர்க்கரையாலோ உணர்ச்சி போன பாதத்துக்கு அந்த மெத்தென்ற ரப்பர்தான் பாதுகாப்பு. வாங்கி வந்தோம். ஆனால் மேல்பட்டை விரலில் உராய்ந்தது. அப்பாவுக்கு அது தெரியவே இல்லை. வலி தெரியாததுதானே அந்த நோயின் கொடுமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் ரப்பரை அமுக்கிவிட்டு, அது மெல்ல எழும்புவதையே பார்த்தார். "இது இன்னா ரப்பரு சார்?" என்றார். சொன்னேன். உடனே பழைய காலண்டர் தாளைத் தரையில் விரித்து, அப்பாவின் காலைத் தூக்கி அதன் மேல் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். "என் காலை நீ தொடுறியேப்பா" என்று அப்பா கூச்சப்பட்டார். "தொடாம எப்படிப் பெரியப்பா அளவெடுக்கறது" என்றார் அண்ணன்.

அடுத்த ஞாயிறு செருப்பு வந்தது. பழைய பட்டையைப் பிரித்து, அகலமாக வேறு பட்டை வைத்து, உள்பக்கம் மெல்லிய தோல் லைனிங் கொடுத்து, தையலும் முடிச்சும் காலில் படாமல் வெளிப்பக்கம் வரும்படி தைத்திருந்தார். அப்பா அதைப் போட்டுக்கொண்டு டீக்கடை வரை நடந்துவிட்டு வந்தார். திண்ணையில் உட்கார வைத்துக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒரு இடத்தில் கூடச் சிவக்கவில்லை.

அண்ணன் கண் கலங்கிவிட்டார். "19 வருஷமா தைக்கிறேன் சார். நான் தைச்சதைப் போட்டுக்கிட்டு ஒரு ஆளு நடந்து போறதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

மனதுக்கு நிறைவான வேலை எது என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். அண்ணன் சொன்னதற்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாளே கம்பெனியை விட்டு நிற்கிறேன் என்றார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள், அண்ணி மகளிர் குழுவில் வாங்கிய கடன் வேறு. அதனால் வேலையை விடவில்லை. ஒன்றரை வருஷம் ஞாயிறுதோறும் வேலூர் வந்து, இந்தச் செருப்பே தைத்துவந்த ஒரு பெரியவரிடம் கற்றுக்கொண்டார். கை பழகிவிட்டது. ஆனால் பாதத்தில் எந்த எலும்பு எங்கே அமுக்கும், நரம்பு ஏன் மரத்துப்போகிறது என்று படிக்க ஆசைப்பட்டார். நூலகத்துக்குப் போங்கள் என்றேன். அங்கேதான் சிக்கல்.

எங்கள் ஊர் நூலகம் மாலை 7 மணிக்குப் பூட்டப்படும். கம்பெனி பஸ் அண்ணனை இறக்கிவிடுவது 7:10-க்கு. ஞாயிறு வேலூரில். டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பூட்டின் முன்னால் அவர் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். உள்ளே அலமாரியில் உடற்கூறு பற்றித் தமிழிலேயே புத்தகம் இருந்தது. பத்து நிமிஷம், அவ்வளவுதான் தூரம்.

பிள்ளைகளுக்கு வழிகாட்ட 2022-இல் அரசு நான் முதல்வன் திட்டம் தொடங்கியது, நல்ல காரியம். 40 வயதில் வேலை மாற நினைப்பவர் எங்கே போவார்? பீடி சுற்றுகிற அக்கா முறத்தை மடியிலிருந்து இறக்கி வைக்கும்போது ராத்திரி எட்டு. அவருக்கு எந்த வகுப்பு திறந்திருக்கிறது?

நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துப் பிள்ளை மு.வரதராசனாரைப் பாருங்கள். திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். உடல்நலம் கெட்டு அந்த வேலையை விட்டார். தமிழைத் தாமே படித்து 1935-இல் வித்துவான் தேர்வில் முதலாவதாக வந்தார். 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். புத்தகம் கைக்குக் கிடைத்ததால் வந்த மாற்றம் அது. அவர் மண்ணில் நூலகத்தை ராத்திரி 9 மணி வரை திறந்து வைக்க முடியாதா? இரண்டு டியூப் லைட், ஒரு ஆள் இரண்டு மணி நேரம். ஆழம் பார்க்க ஏழைக்கு வேறு என்ன கழி இருக்கிறது, சொல்லுங்கள். மாமன்ற உறுப்பினர் அவர்களே, இதை உங்கள் முன்னால் உரிமையோடு வைக்கிறேன்.

மூன்றாவது செய்திக்கு நேரம் இல்லை. தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார், அடுத்துப் பரிசளிப்பு இருக்கிறது. ஒன்று மட்டும்: அண்ணன் இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறார். வருமானம் கம்பெனிச் சம்பளத்தை விடக் கொஞ்சம் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன்.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். நூலக நேரத்தை நீட்டிக்கச் சொல்லும் மனு அங்கே இருக்கிறது. முதல் நோட்டு நிறைந்துவிட்டது, இரண்டாவது நோட்டில் போடுங்கள். மேசைக்குப் பின்னால் சட்டைப் பையில் அளவு டேப்போடு உட்கார்ந்திருப்பவர்தான் அண்ணன். சர்க்கரை உள்ளவர்கள் கையெழுத்துப் போட்ட கையோடு காலையும் ஒரு தடவை அவரிடம் காட்டிவிட்டுப் போங்கள். வணக்கம்.