முதல் கான்சர்டினா வாங்கும் முன்

[திரையில்: மூடிய நிலையில் ஒரு கான்சர்டினா. கைகள் அதை மெதுவாக விரிக்கின்றன.]

ஆறு மூலை உள்ள சின்னப் பெட்டி. இரண்டு பக்கமும் பட்டன்கள், நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி. இதைக் கையில் எடுத்தாலே "குட்டி அக்கார்டியனா?" என்று யாராவது கேட்பார்கள். சொந்தக்காரர்கள்தான். ஹார்மோனியம், மவுத் ஆர்கன், அக்கார்டியன், கான்சர்டினா எல்லாவற்றிலும் காற்றுப் பட்டு அதிர்வது மெல்லிய உலோக நாக்கு, அதாவது ரீட். அக்கார்டியனின் இடக்கைப் பக்கம் ஒரே பட்டனில் முழு கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள், கிடைக்கும். கான்சர்டினாவில் பொதுவாக ஒரு பட்டனுக்கு ஒரு ஸ்வரம்தான். கார்ட் வேண்டுமென்றால் விரல்களால் நாமே சேர்க்க வேண்டும்.

சரி, வாங்கலாம் என்று இறங்கினால் விலையைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்லோ, இங்கிலீஷ், டூயட் என்று மூன்று தனித்தனிக் கருவிகள் இந்த ஒரே பெயரில் விற்பனையாகின்றன. வெளியே பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒன்றில் பழகிய விரல் இன்னொன்றில் வழி தெரியாமல் நிற்கும்.

[திரையில்: ஆங்லோவின் இடப் பக்கம், அருகில்.]

முதலில் ஆங்லோ. மவுத் ஆர்கனில் ஊதினால் ஒரு ஸ்வரம், உறிஞ்சினால் வேறு ஸ்வரம் வருமே, அதே கதை. 1834 வாக்கில் ஜெர்மனியின் கெம்னிட்ஸில் கார்ல் ஊலிக் செய்த பெட்டியில் இருந்து வந்த வழி இது. 'சி' வரிசையில், அதாவது சி-யை ச-வாகக் கொண்ட பட்டன் வரிசையில், வாசித்துக் காட்டுகிறேன். இடக்கை மோதிர விரல்: துருத்தியைத் தள்ளினால் ச, இழுத்தால் ரி. நடுவிரல்: தள்ளினால் க, இழுத்தால் ம. ஆள்காட்டி விரல்: தள்ளினால் ப, இழுத்தால் த. இனி வலக்கை ஆள்காட்டி விரல். இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். இதுவரை போல அடுத்தது தள்ளுவது என்று கை போகும். ஆனால் நி இழுப்பில் இருக்கிறது, மேல் ச தள்ளுவதில். த, நி இரண்டும் அடுத்தடுத்து இழுப்பு.

கேட்க வினோதமாக இருக்கலாம். ஆனால் இந்தத் தள்ளு-இழுவால்தான் ஆங்லோவில் நடன மெட்டுக்குத் தேவையான துள்ளல் தானாக வருகிறது. அயர்லாந்தின் க்ளேர் பகுதிக்காரர்கள் இதை விடாமல் வைத்திருப்பதும் அதனால்தான் என்பது என் எண்ணம்.

அடுத்தது இங்கிலீஷ். இயற்பியல் வகுப்பில் வீட்ஸ்டன் சமனச்சுற்று படித்திருப்பீர்களே, அதே சார்லஸ் வீட்ஸ்டன் உருவாக்கியது. 1844இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். (அந்தச் சமனச்சுற்றை முதலில் கண்டுபிடித்தவர் அவர் இல்லை, பிரபலமாக்கியவர்தான். கான்சர்டினா அவருடையதே.) இதில் தள்ளினாலும் இழுத்தாலும் ஒரே ஸ்வரம். ஆனால் ஆரோகணத்தில் ஒரு ஸ்வரம் இடக்கையில், அடுத்தது வலக்கையில் என்று மாறி மாறிப் போகும். ட்ரெபிள் என்னும் வழக்கமான வகையில் 48 பட்டன்கள், எல்லா அரை ஸ்வரங்களோடும். ஸ்வரக் குறிப்பைப் பார்த்து வாசிக்கிறவர்களுக்கு இது எளிது.

டூயட்டில் கீழ் ஸ்வரங்கள் இடக்கைக்கு, மேல் ஸ்வரங்கள் வலக்கைக்கு, பியானோ போல. மக்கான், க்ரேன், ஹேடன் என்று அதற்குள்ளும் பட்டன் அமைப்புகள் வேறுபடும். தனியாக உட்கார்ந்து மெட்டும் துணையும் சேர்த்து வாசிக்க ஆசைப்படுகிறவர் இதைப் பார்க்கலாம்.

எதை எடுப்பது? எந்த இசை கேட்டு இந்த ஆசை வந்ததோ, அதை வாசிக்கிறவர் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதையே எடுங்கள்.

[திரையில்: 20 பட்டன், 30 பட்டன் ஆங்லோ இரண்டும் அருகருகே.]

ஆங்லோ என்று முடிவானால் இன்னொரு கேள்வி வரும்: 20 பட்டனா, 30 பட்டனா? விலை குறைவு என்று நான் 20 பட்டன் எடுத்தேன். சில மாதங்கள் சந்தோஷமாகப் போனது. அப்புறம் 'டி' மேஜரில், அதாவது டி-யை ச-வாகக் கொண்டு, ஒரு ஐரிஷ் மெட்டு. அதற்கு சி ஷார்ப் (சி-க்கு அரை ஸ்வரம் மேலே) வேண்டும். சி, ஜி என்ற இரண்டு வரிசைகளில் எங்கே தேடினாலும் அந்த ஸ்வரம் இல்லை. ஐரிஷ் மெட்டுகளில் ஏராளமானவை 'டி'யில்தான் இருக்கின்றன. 30 பட்டனின் மூன்றாவது வரிசை இந்த விடுபட்ட ஸ்வரங்களுக்காகவே.

மிக மலிவானவற்றில் துருத்தி விறைப்பாக இருக்கும், பட்டன் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். தவறு நம் விரலிலா கருவியிலா என்றே தெரியாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கென்றே வருபவற்றில் ஆங்லோவுக்கு ரோஷெல், இங்கிலீஷுக்கு ஜாக்கி, ஹேடன் டூயட்டுக்கு எலிஸ் ஆகியவை பலரும் தொடங்கும் இடம். உள்ளே அக்கார்டியன் ரீட்கள்தான், உருவமும் கொஞ்சம் பெரிது. ஆனால் பழக அது போதும். லாஷனல் என்ற பழைய தயாரிப்பாளரின் கருவி கிடைத்தால் இனிமையாக இருக்கலாம். ஆனால் சுருதியைக் கேளுங்கள். அந்தக் காலத்துக் கருவிகள் பல இன்றைய பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸில் இருக்காது, மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க முடியாது.

பழைய கருவியோ புதியதோ, ஒரு சோதனை. எந்தப் பட்டனையும் அழுத்தாமல் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்குங்கள். மறுபக்கம் மெதுவாக இறங்கினால் சரி. சடாரென்று விழுந்தால் காற்று எங்கோ கசிகிறது. பிறகு ஒவ்வொரு பட்டனையும் தள்ளியும் இழுத்தும் கேளுங்கள்.

[திரையில்: உட்கார்ந்து வாசிக்கும் நிலை.]

வாங்கியாயிற்று. இடப் பக்கத்தைத் தொடையில் வைத்து அசையாமல் பிடியுங்கள். வலப் பக்கம் மட்டும் போய் வரட்டும். துருத்தி முழங்காலில் உரசினால் மடிப்பு தேய்ந்துவிடும். பட்டன் எதையும் அழுத்தாமல் துருத்தியைப் பலவந்தமாக இழுக்கவே கூடாது. ஆங்லோவில் வலது கட்டைவிரலுக்கு ஒரு காற்றுப் பட்டன் இருக்கிறது. சத்தமில்லாமல் காற்றை உள்ளே விடவும் வெளியேற்றவும் அதுதான் வழி. பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குவது என்று பார்ப்பது போல, எங்கே அதைத் தொடுவது என்பது மெட்டோடு சேர்ந்தே பழக வேண்டியது.

ச ரி க ம கையில் ஓடத் தொடங்கியதும் ரி-யைத் தேடுங்கள். 'சி' வரிசையில் அது இழுப்பில் இருந்தது; 'ஜி' வரிசையில் தள்ளுவதிலும் இருக்கிறது. அடுத்த வீடியோவில் அங்கிருந்து தொடங்குகிறேன்.